கட்டிலுக்கடியில் ஒரு காப்பித்தூள் டின்

கேள்வி: வணக்கம் அக்கா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா (வயது 72) இரண்டு ஆண்டுகளாக எங்களோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். போன தீபாவளிக்கு முன்பு 18,000 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துச் சமையலறைக்குக் கூரை வரை கெபினட் போட்டோம். அப்படியும் இடம் போதவில்லை. மேடைமேல் கேக் அடிக்கும் இயந்திரமும் மற்ற சாமான்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அடுப்புக்கு மேல் மசாலைத் தட்டு, கீழே கதவு போட்டு மூடிய இடத்தில் கேஸ் தோம்பு (சிலிண்டர்). அம்மா சேர்த்து வைத்த பிஸ்கட் டின், மைலோ டின், ஐஸ்கிரீம் டப்பா மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். இது போதாதென்று காப்பித்தூள், சீனி, மங்குக் கோப்பை, மின்கெண்டி எல்லாவற்றையும் அம்மா தன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். அறையெல்லாம் எறும்பு. அது கிடக்கட்டும். கெபினட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது? பழைய டின்களை வீசிவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, இடம் போதவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வீடுகளில் பெரும்பாலும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது கிடக்கக் கூடாது. ஒரு தாய் தன் காப்பித்தூளை ஏன் கட்டிலுக்கடியில் வைக்கிறார்? எறும்பைப் பார்த்த நீங்கள் இதைக் கேட்டுப் பார்த்தீர்களா? தங்கும் விடுதியில் இருப்பவர்கள்தான் அப்படி வைத்துக்கொள்வார்கள். அடுப்படி தனக்கு உரியது அல்ல என்று ஆனவர்கள் வைத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது?

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மரம் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில்தான் பால் நன்றாக இறங்கும். அதற்காக இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, ஒரு கோப்பை வரக்காப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியவர்கள் நம் தாய்மார்கள். வேலையை விட்ட பிறகும் அந்த விழிப்பு அவர்கள் உடம்பை விட்டுப் போவதில்லை. இப்போதும் உங்கள் அம்மா நான்கு மணிக்கு விழித்துக்கொள்வார். அந்த நேரத்தில் உங்கள் சமையலறைக்குள் போனால் காப்பித்தூள் எங்கே, சீனி எங்கே, எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாது. தெரிந்தாலும் எட்டாது. மேல் கெபினட்டின் அடித்தட்டே தரையிலிருந்து ஏறக்குறைய 140 செ.மீ. உயரத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் 60 செ.மீ. அகலத்துக்கு மேடை நிற்கும். அதைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு டின்னை இறக்க எழுபத்திரண்டு வயதுத் தோள் என்ன பாடுபடும்? நாற்காலி போட்டு ஏறினால் விழுவார். உங்களை எழுப்பிக் கேட்க அவருக்கு மனம் வராது. கட்டிலுக்கடிதான் அவர் கைக்கு எட்டிய அலமாரி.

மாமியாரை இப்படி வைத்திருந்தால் உறவுக்காரர்கள் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். பெற்ற தாய் என்பதால் உங்களை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கெபினட் போடுகிறவர் அளவெடுக்க வந்த நாளில் உங்கள் அம்மாவின் கை எட்டும் உயரத்தை யாராவது அளந்தீர்களா? 18,000 வெள்ளியில் அவருக்கென்று ஒரே ஒரு இழுப்பறை வரவில்லையே! அம்மாவை மகள் வைத்துப் பார்ப்பதை மெச்சி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அது கடமை. அந்தக் கடமை சோறு போடுவதோடும் கட்டில் போடுவதோடும் முடிந்துவிடாது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில்தான், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், பாட்டாளிகளே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து வீடு என்றைக்கும் நிர்வாகத்தின் வீடுதான். வேலை போனால் வீடும் போகும். ஆனால் அந்த வீட்டுக் குசினி மட்டும் உங்கள் அம்மாவுடையது. எந்த டின்னில் பருப்பு, எந்த டின்னில் கருவாடு என்று இருட்டிலும் கைக்குத் தெரியும். அந்த டின்களைத்தான் அவர் கூடவே கொண்டுவந்திருக்கிறார். வீசிவிடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடம் கேளுங்கள். அவரைக் கீழே உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். துருப்பிடித்ததை அவரே ஒதுக்குவார். மூடி இறுக்கமான டின்களில் நீங்களே சாமான் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அவை நன்றாகவே தாங்கும்.

இனி கெபினட். இடுப்பு முதல் தோள் வரை கை சிரமமில்லாமல் போகும் இடம்தான் சமையலறையிலேயே விலை உயர்ந்த இடம். அங்கே தினமும் எடுப்பவை மட்டும் இருக்கட்டும். கூரையை ஒட்டிய தட்டு தீபாவளிப் பலகார அச்சுக்கும் பெரிய அண்டாவுக்கும். கீழ்க் கெபினட்டில் கதவுக்குப் பதில் இழுப்பறை போட முடியுமா என்று கேளுங்கள். மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்துத் தேடும் வேலை மிச்சமாகும். மசாலைத் தட்டை அடுப்புக்கு மேலிருந்து எடுத்துவிடுங்கள். சூடும் ஆவியும் பட்டால் தூள் கட்டிபிடிக்கும், மணமும் போய்விடும். பருப்பு, ரவையில் வண்டு வராமல் இருக்க, வாங்கியவுடன் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, பிறகு டின்னில் கொட்டுங்கள்.

கேஸ் தோம்பை அடைத்து வைத்திருப்பதை இந்த வாரமே மாற்றுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுப் போகத் திறப்பு வைக்க வேண்டும், அல்லது தோம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். கட்டிலுக்கடியில் இருக்கும் மின்கெண்டியும் ஆபத்துதான். மெத்தை ஓரத்தில் கொதிநீர்! ஆனால் அதை நீங்கள் போய்ப் பிடுங்கிவரக் கூடாது. அது தானாக வெளியே வர வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. நாளைக் காலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள். சமையலறை விளக்கைப் போடுங்கள். அம்மாவைக் கூப்பிட்டு, "காப்பித்தூளை எங்கே வைக்கட்டும்மா?" என்று கேளுங்கள். அவர் கை எங்கே போகிறதோ அங்கே வையுங்கள். சீனி, கோப்பை, கெண்டி எல்லாம் அதன் பக்கத்திலேயே வரட்டும். அந்த இடத்தில் இப்போது கேக் அடிக்கும் இயந்திரம் நிற்கிறது என்றால், அது மேல்தட்டுக்குப் போகட்டும்.