தாளெல்லாம் சரி, பிள்ளை யாருடையது?

கேள்வி: பெற்றோரே சம்மதித்து அனுப்பிய பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது எப்படிக் கடத்தல் ஆகும்?

பதில்: சுரண்டும் நோக்கம் இருந்தால் ஆகும். 2000-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2003 டிசம்பர் 25 முதல் அமலில் இருக்கும் பலெர்மோ நெறிமுறை (ஆட்கடத்தலைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்), ஆட்கடத்தலுக்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது எல்லாம் செயல். மிரட்டல், ஏமாற்று, பொறுப்பில் இருப்பவருக்குப் பணம் கொடுத்து ஒப்புதல் வாங்குவது எல்லாம் வழிமுறை. மூன்றாவது, சுரண்டல் நோக்கம். 18 வயதுக்குக் கீழே என்றால் நடுவில் உள்ள வழிமுறையை நிரூபிக்கவே வேண்டாம் என்கிறது 3-ஆம் பிரிவு. நாட்டுச் சட்டத்தில் இதைத் தனியாக எழுதாமல், பெரியவருக்கும் சிறுவருக்கும் சேர்த்து ‘வற்புறுத்தியோ ஏமாற்றியோ’ என்று ஒரே வரையறை வைத்தால், ‘பையன் சிரித்துக்கொண்டுதானே வண்டி ஏறினான்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

கேள்வி: திருட்டுத்தனமாக ஆள் அனுப்புவதும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: தமிழில் எல்லாவற்றையும் ‘கடத்தல்’ என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கள்ளத்தனமாக அக்கரை சேர்ப்பது வேறு. அதற்குத் தனி நெறிமுறை உண்டு. இங்கே பேசுவது குழந்தைக்கு எதிரான குற்றம். அசல் பாஸ்போர்ட், அசல் விசாவோடு போனாலும் குற்றம்தான். பிரிந்த தம்பதியில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போவது மூன்றாவது வகை. அதற்கு 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது; 16 வயது வரைக்கும்தான்.

கேள்வி: உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தைக் கட்டாயமாக்கினால் போதாதா?

பதில்: கட்டாயமாக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. உருப்படியான கடிதத்தில் பிள்ளையின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கூட்டிப்போகிறவர் யார், போகும் முகவரி, போகும் நாள், திரும்பும் நாள், நோட்டரி கையெழுத்து எல்லாம் இருக்கும். பிறப்புச் சான்றிதழும், விவாகரத்து என்றால் நீதிமன்ற உத்தரவும் கூட வேண்டும். திரும்பும் நாள் இல்லாத கடிதம் வெற்றுக் காசோலை மாதிரி.

பெரிய ஓட்டை தொலைபேசி எண்ணில் இருக்கிறது. கடிதத்தில் உள்ள எண்ணுக்கே எல்லை அதிகாரி கூப்பிட்டால், மறுமுனையில் ‘ஆமாம், நான்தான் அப்பா’ என்பது கூட்டாளியாக இருக்கலாம். பள்ளி வழியாகவோ அந்த ஊர்க் காவல் நிலையம் வழியாகவோ எண்ணைத் தானே தேடி எடுக்க வேண்டும். அடுத்தது, பிள்ளையைத் தனியே, அதன் தாய்மொழியில் கேட்பது. கூட வந்தவரையே மொழிபெயர்க்க விடக் கூடாது. ‘இவர் உன் மாமாவா?’ என்றால் தலையாட்டிவிடும். ‘இவரை எப்போது முதலில் பார்த்தாய்? உன் பை யாரிடம் இருக்கிறது? அங்கே போய் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் சொல்லிக்கொடுத்த பாடம் தடுமாறும். சட்டத்தில் இந்தத் தனி விசாரணைக்கு அதிகாரமும், அதுவரை பயணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். பேருந்து, விமான நிறுவனங்கள்மீது பலெர்மோ நெறிமுறையின் 11-ஆம் பிரிவு சுமத்தும் கடமை, பயணியிடம் ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை?

பதில்: ரத்த உறவை மட்டும் சொல்லும். தத்தெடுத்த தாயை அது குற்றவாளி போலக் காட்டும். பிள்ளையை விற்க வந்த பெற்ற தகப்பனை விட்டுவிடும்.

கேள்வி: மீட்ட குழந்தையை உடனே ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: கூடாது. திருப்பி அனுப்பும்போது பாதுகாப்பைக் கருத வேண்டும் என்று அதே நெறிமுறையின் 8-ஆம் பிரிவே சொல்கிறது. முதலில் ஒரு தற்காலிகக் காப்பாளர், பிறகு வீட்டு விசாரணை. பிள்ளையை அனுப்ப ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியது யார் என்று தெரியாமல் அனுப்பினால், பாக்கியைத் தீர்க்க அதே ஏஜென்டின் கையில் மறுபடி ஒப்படைப்பார்கள். கடன் வீட்டில்தானே இருக்கிறது.