தோட்டத்துப் பிள்ளைகள் அறிவியல் பக்கம் போகாததற்கு முயற்சிக் குறைவுதான் காரணமா?

"எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படிவம் 4-இல் (பத்தாம் வகுப்பில்) வேதியியல், இயற்பியல் எடுப்பதில்லை. முயற்சி போதவில்லையா, சூழ்நிலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முயற்சி போதவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுத் தோழி என்னைவிடக் கெட்டிக்காரி. விடுமுறையில் அம்மாவோடு பால் வெட்ட மர நிரைக்குப் போவாள். ரப்பர் பால் கட்டிவிடாமல் இருக்க, அது வடியும் மங்கில் (கிண்ணத்தில்) இரண்டு சொட்டு அமோனியா விடுகிறார்கள், அதே பாலை ஸ்டோரில் அமிலம் ஊற்றிக் கட்ட வைக்கிறார்களே, எப்படி என்று ஒருநாள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

இருவரும் தமிழ்ப்பள்ளி. மலாய் போதாமல், இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்கு முன் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு. படிவம் 3-இல் எழுதிய பி.எம்.ஆர். தேர்வில் இருவருக்கும் அறிவியலில் ஏ, மலாயில் டி. இருவரையும் கலைப்பிரிவில் போட்டார்கள். என் அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து, பேசி மாற்றினார். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குக் கடைத்தெரு மலாய்தான். அவள் அங்கேயே இருந்தாள்.

படிவம் 5 வேதியியலில் அந்தப் பாடம் வந்தது. ரப்பர்த் துகளைச் சுற்றிய புரதச் சவ்வில் எதிர்மின் சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைப் போக்கியதும் துகள்கள் மோதி, சவ்வு கிழிந்து, ஒட்டிக்கொள்ளும். அமோனியாவோ, பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை முறித்துப் பாலைக் கட்டவிடாது. அவள் கேட்டதற்கு அப்படியே பதில். அன்று மாலையே புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தின் மேல் விரலை ஓட்டி இரண்டு முறை படித்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். மறு வருஷம் ஃபேக்டரிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் மொழி. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். காசுள்ள வீடு டியூஷன் வைத்துச் சமாளித்தது.

2020 முதல் கலை, அறிவியல் என்ற பிரிவு இல்லை, பாடத் தொகுப்புதான். ஆனாலும் ஆசிரியர் இல்லாத பாடத்தைப் பிள்ளை எப்படி எடுக்கும்? படிவம் 3 முடிவதற்குள் பள்ளிக்குப் போய், என்னென்ன தொகுப்பு உண்டு என்று கேளுங்கள். வேலையை விட்டு வரமுடியாத அம்மா யாராவது இருந்தால், அவர் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.