மார்கழி வந்தால் தோல் ஏன் வறள்கிறது? வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

மழை ஓய்ந்ததும் தோல் வறட்சி பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். தோல் பிரிவில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை தம்பி: நம்ம ஊரில் பெரிய குளிரே இல்லை. அப்புறம் ஏன் கெண்டைக்கால் வெள்ளை பூத்துப் போகிறது? நகம் பட்டால் கோடு விழுகிறது. எண்ணெய் தடவியும் பயனில்லை.

விடியற்காலையில் 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே நமக்குக் குளிர்தான் தம்பி. மழைக்காலம் முடிந்ததும் காற்றில் ஈரப்பதமும் குறைகிறது. ஆனால் பாதிக் கெடுதலை நாமே குளியலறையில் செய்துகொள்கிறோம். இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தலை முதல் கால் வரை சோப்பு தேய்த்தால் தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அதனால் முதலில் அங்கேதான் வெளுக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்துவிடுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் தராது, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கும், அவ்வளவுதான். காய்ந்துபோன காலில் மத்தியானம் தடவினால் பலன் குறைவு.

காசிமேடு அக்கா: மீன் வெட்டி விற்கிறேன். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் உயிர் போகிறது.

கை நனைவதும் காய்வதுமாக நாள் முழுக்க மாறி மாறி நடப்பதுதான் காரணம் அக்கா. கையுறை போட்டால் மீன் வழுக்கும், கத்தி பிடிக்க வராது என்பது தெரியும். ஐஸ் அள்ளும்போதும் பாத்திரம் கழுவும்போதுமாவது போடுங்கள். கவிச்சி போகவேண்டுமென்று துணி சோப்பு, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள், வெடிப்பு இன்னும் ஆழமாகும். படுக்கும்முன் வாசலினைத் தடிமனாக அப்பி, பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். மீன் முள் குத்திய இடம் சிவந்து வீங்கினால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

வியாசர்பாடி சாமி: மாலை போட்டிருக்கிறேன், காலில் செருப்பில்லை. இருவேளையும் பச்சைத் தண்ணீர்க் குளியல். பித்தவெடிப்பில் ரத்தம் கசிகிறது.

சாமி, பச்சைத் தண்ணீரால் கெடுதல் இல்லை, இரண்டு வேளையும் சோப்பு போடுவதுதான் கெடுதல். ஒரு வேளை வெறும் தண்ணீரில் குளியுங்கள். இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, தடித்த தோலைக் கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். பிளேடு வைத்துச் செதுக்கவே கூடாது. ரத்தம் நிற்கும்வரை வாசலின் மட்டும் தடவுங்கள். வெடிப்பு மூடிய பிறகு யூரியா கலந்த க்ரீம் நன்றாகக் கேட்கும், புண்ணில் பட்டால் எரியும்.

சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லையே சாமி. இருந்தால் காலை ஊறவைக்காதீர்கள், கல்லால் தேய்க்காதீர்கள், விரல் இடுக்கில் க்ரீம் வைக்காதீர்கள். குருசாமியிடம் சொல்லிச் செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள். உணர்ச்சி மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது.

பழைய வண்ணாரப்பேட்டை தங்கை: மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பும் சொரசொரப்பும் போய் முகம் பளிச்சென்று ஆனது. தொடர்ந்து போடலாமா?

இன்றைக்கே நிறுத்தும்மா. இவ்வளவு வேகமாகப் பளிச்சென்று ஆனால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். 2018 முதல் இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்பு நூலாகத் தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டால் எரியும். விட்டதும் முகம் சிவந்து முன்பைவிட மோசமாகத் தோன்றும். அதற்குப் பயந்து திரும்பப் போடத் தொடங்கியவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பார்.

திருவொற்றியூர்: கிளிசரினை அப்படியே முகத்தில் பூசலாமா?

வேண்டாம். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் அல்லது பன்னீர் கலந்து பூசுங்கள்.

புளியந்தோப்பு அம்மா: பையனுக்குக் குளிர்கால அரிப்பு. ராத்திரி தூங்கவே விடுவதில்லை. இப்போது எனக்கும் பாப்பாவுக்கும் வந்துவிட்டது.

வறட்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது அம்மா. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சொறி, எத்தனை எண்ணெய் தடவினாலும் போகாது. அரசு மருத்துவமனையிலேயே மருந்து கிடைக்கும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை போர்வை, தலையணை உறை, போட்டிருந்த துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள்.