வலிப்பு நோயுள்ள இளம் நாய்: ஒரு கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஒன்றரை வயது லாப்ரடாருக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை வலிப்பு வந்தது. பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. பீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் ஆம். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கி, வேறு காரணம் எதுவும் அகப்படாத வலிப்பில் பரம்பரைக்குப் பங்குண்டு. லாப்ரடார் இனத்தில் இது நன்கு அறியப்பட்டதே. எனவே இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். மாத்திரை நோயைப் போக்குவதில்லை. வலிப்பின் எண்ணிக்கையையும் கடுமையையும் குறைக்கிறது. காலை ஏழு மணிக்குக் கொடுத்தால் இரவும் ஏழு மணிக்கே கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் நாய் தள்ளாடும், நிறையத் தண்ணீர் குடிக்கும், தட்டை நக்கி முடித்த பின்னும் சோறு கேட்கும். தள்ளாட்டம் சில வாரங்களில் தணிந்துவிடும். பசி அவ்வளவு எளிதில் தணியாது என்பதால் உணவை அளந்தே வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதனோடு கல்லீரலின் நிலையையும் பார்க்க வேண்டும். வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மருத்துவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை.

கேள்வி: வலிப்பின்போது காலிடுக்கில் சாவிக்கொத்தை வைக்கலாமா?

பதில்: இரும்பால் பயன் எதுவும் இல்லை. நாக்கை விழுங்கிவிடும் என்றும் பயப்படாதீர்கள், நாய் நாக்கை விழுங்காது. வாயருகே கையைக் கொண்டுபோனால் உங்களுக்குத்தான் கடி விழும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தடுப்பூசி போடாத நான்கு மாதக் குட்டிக்குக் காய்ச்சலோடு வாய் தானாக மென்றுகொண்டே இருக்கிறது.

பதில்: இது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் தொற்றுநோயாக இருக்கலாம். பிற நாய்களிடமிருந்து பிரித்து, இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம்.

கேள்வி: எட்டு மாதமாக வலிப்பே இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. வலிப்பு வராமலிருப்பதே மாத்திரையால்தான்.

மறுப்பு: நான் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. கல்லீரலைக் கெடுக்கும் மருந்தை ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

பதில்: உங்கள் நாய் தப்பியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் திடீரென நிறுத்தியதால் அடுத்தடுத்து வலிப்பு வந்து, நினைவு திரும்பாமலே சிகிச்சை மேசையில் இறந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லீரல் பாதிப்பு உண்மைதான். அதைக் கண்டுகொள்ளத்தான் ரத்தப் பரிசோதனை செய்கிறோம். ஓரிரு ஆண்டுகள் வலிப்பே இல்லாவிட்டால், மருத்துவரின் மேற்பார்வையில் மாதந்தோறும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் குறைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஆறு மாதமாக வலிப்பு இல்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறோம். கருவாடு போடலாமா?

பதில்: போடாதீர்கள். உப்பு திடீரெனக் கூடினால் புரோமைடு சிறுநீரோடு விரைவாக வெளியேறி, மருந்தின் அளவு இறங்கிவிடும்; திடீரெனக் குறைந்தால் அது உடலில் தேங்கி நாய் மயங்கிக் கிடக்கும். தினமும் ஒரே வகை உணவையே கொடுங்கள்.