காஸ்தெல்லோ, மரினி காலத்து வயலினும் கொர்னெத்தோவும்: கேள்வி பதில்

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் காஸ்தெல்லோவின் சொனாட்டாவில் ‘சொப்ரான் சோலோ’ (தனி மேல்குரல்) என்று மட்டும் இருக்கிறது. எந்த வாத்தியம்?

பதில்: வயலினோ, கொர்னெத்தோ என்ற மரக் குழலோ, உங்கள் விருப்பம். 1629 தொகுப்பின் முதல் இரண்டு சொனாட்டாக்களும் அப்படித்தான். வயலினுக்கென்றே எழுதியதைக் கொர்னெத்தோவில் எடுப்பதானால், இரு தந்தி சேர்ந்து ஒலிக்கும் இடமும் அடித்தந்தி ‘ஜி’யும் வருகிறதா பாருங்கள். கொர்னெத்தோவில் எல்லாத் துளையையும் மூடினால் ‘ஏ’தான். உதட்டைத் தளர்த்தி ‘ஜி’ எடுக்கலாம். வேக ஓட்டத்தில் நம்ப முடியாது. புதுப் பதிப்பு போதாது, பழைய அச்சின் நகலையும் பாருங்கள்.

கேள்வி: கொர்னெத்தோ என்றால் பித்தளைக் கார்னெட்தானே?

பதில்: இல்லை. மரத்தை இரு பாதியாகக் குடைந்து ஒட்டி, கறுப்புத் தோல் போர்த்திய வளைந்த குழல்.

கேள்வி: அதே காலத்து இசையமைப்பாளர் மரினியின் ‘ட்ரெமோலோ’வுக்கு (நடுங்கும் ஒலி) வில்லை உதற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1617இல் வந்த ‘லா ஃபொஸ்கரினா’வில் அதே இடத்தில் ஆர்கன்காரரை ட்ரெமோலோ போடச் சொல்லியிருக்கிறார். ஆர்கனின் அந்த அதிர்வைத்தான் வயலின் பின்பற்றுகிறது. ஒரே வில் வீச்சில், சுட்டுவிரலால் சீராக அழுத்தித் தளர்த்துங்கள். நடுவில் வில் நின்றால் அது திரும்பத் திரும்ப அடித்த ஸ்வரமாகிவிடும்.

கேள்வி: மூன்றடிப் பகுதியின் வேகம்?

பதில்: கணக்குப்படி, இரண்டு மினிம் (அரை ஸ்வர அளவு) நேரத்தில் மூன்று மினிம்.

மறுப்பு: அதே காலத்து இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்தி 1624 முன்னுரையில் பெரிய ஸ்வர மூன்றடியை நிதானமாகவும், சிறியதைச் சற்று விரைவாகவும் வாசிக்கச் சொல்கிறாரே? கணக்கு எங்கே?

பதில்: நல்ல அடி. ஆனால் அது அவருடைய கப்ரிச்சோ என்ற வகைப் படைப்புகளுக்கான முன்னுரை. காஸ்தெல்லோ ‘அதாஜோ’ (மெதுவாக), ‘அலெக்ரோ’ (விரைவாக) என்று தானே எழுதுகிறார். சொல் இருக்கும் இடத்தில் சொல்லே முதல், இல்லாத இடத்தில் கணக்கு.

மறுப்பு: கணக்கில் போனால் ஓட்டப்பந்தயமாகிறது.

பதில்: ஆரம்ப வேகம் தவறு. மிக நெருக்கமான ஓட்டம் தெளிவாக விழும் வேகத்தை முதலில் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அந்தச் சொற்களும் புதுப் பதிப்பில், பழைய அச்சில் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்!

கேள்வி: கார்னெட் வாங்கினால் இதை வாசிக்கலாமா?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: ஆர்கனோடு ‘டி ஷார்ப்’ சேரவே மாட்டேன் என்கிறது.

பதில்: கால் கமா மீன்டோன் என்ற பழைய சுருதி கூட்டும் முறையில் ‘இ ஃபிளாட்’, ‘டி ஷார்ப்’பைவிட சுமார் 41 சென்ட் (இன்றைய அரை ஸ்வர இடைவெளி 100 சென்ட்) மேலே. ஆர்கனில் இரண்டுக்கும் கட்டை ஒன்றுதான், பெரும்பாலும் ‘இ ஃபிளாட்’டுக்கே கூட்டியிருப்பார்கள். ஆர்கன்காரர் அந்த ஸ்வரத்தை விட்டுவிடட்டும், வயலின் எடுத்துக்கொள்ளும்.