அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரிட்டிஷ் படையை எப்படி எதிர்த்து நின்றார்கள்?

நிரந்தரப் படையோ கடற்படையோ இல்லாத குடியேற்றவாசிகள், அன்றைய உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்திருந்த பிரிட்டனை வென்றது மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்து சுட்ட கெரில்லாப் போர்முறையால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சித்திரம் முழுப் பொய் இல்லை. எட்டாண்டுப் போரில் சில நாள்களுக்கும் சில இடங்களுக்கும் அது பொருந்தும். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். கடலூரில் பிறந்தவன் என்பதால் இந்தப் போரின் மீது தனி ஈடுபாடு உண்டு. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். படித்த அளவில் என் முடிவு இதுதான்: அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டன் வென்ற சண்டைகளைவிடத் தோற்ற சண்டைகளே அதிகம், தோற்ற ஒவ்வொரு முறையும் படை கலைந்துவிடாமல் காப்பாற்றிக்கொண்டதுதான் அவருடைய பெரிய சாதனை.

முதல் மோதல் கடைத்தெருவில் தொடங்கியது. 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரால் கடனில் மூழ்கிய லண்டன் அரசு, 1765-இல் முத்திரைத்தாள் வரியையும் பிறகு வேறு வரிகளையும் விதித்தபோது, நாடாளுமன்றத்தில் தங்களுக்குப் பிரதிநிதியே இல்லாத நிலையில் வரி எப்படிக் கேட்கலாம் என்று குடியேற்றவாசிகள் பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணித்தார்கள். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது. அந்தத் தேயிலை விலை ஏறியதால் கொட்டப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கிவிடுவதற்காக அது நேரடியாக விற்க அனுமதிக்கப்பட்டதால் விலை குறைய இருந்தது. வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவான தேயிலையைக் குடித்தால் வரியை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதுதான் அவர்களுடைய சிக்கல். 1774-இல் பிலடெல்பியாவில் கூடிய, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மாநாடான காங்கிரஸ், புறக்கணிப்பைக் கண்காணிக்க ஊர்தோறும் குழுக்களை அமைக்கச் சொன்னது. மீறிய வணிகர்களின் பெயர்களைச் செய்தித்தாளில் வெளியிட்ட இந்தக் குழுக்களே விரைவில் வரி வசூல், ஆள்சேர்ப்பு என உள்ளூர் அரசாங்கமாக மாறின. அரசரின் ஆதரவாளர்களைப் பிடித்து உடம்பில் தார் பூசி இறகுகளை ஒட்டி ஊர்வலம் விட்ட கொடுமைகளும் அக்காலத்தில் நடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த சிக்கல் வெடிமருந்து. காலனிகளுக்கு ஆயுதமும் மருந்தும் ஏற்றுமதியாவதை 1774 அக்டோபரில் பிரிட்டன் தடைசெய்தது. 1775 ஏப்ரல் 18 இரவு சுமார் 700 சிப்பாய்கள் பாஸ்டனிலிருந்து புறப்பட்டதும் கான்கார்டு என்ற ஊரில் ஊர்ப்படையினர் சேர்த்துவைத்திருந்த தளவாடங்களை அழிப்பதற்காகத்தான். மறுநாள் காலை வழியில் லெக்சிங்டனில் எட்டு ஊர்ப்படையினர் கொல்லப்பட்டார்கள். திரும்பும் வழியில், கல் வேலிகளுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து உழவர்கள் சுட்டதில் 73 பிரிட்டிஷ் படையினர் மாண்டார்கள். நீங்கள் குறிப்பிடும் கெரில்லாச் சித்திரம் பெரும்பாலும் இந்த ஒரு நாளிலிருந்து வந்தது.

தலைமைத் தளபதியாக வந்த வாஷிங்டனுக்கு ஆகஸ்டில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கிடங்கில் 308 பீப்பாய் மருந்து இருப்பதாக அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தபோது 36 மட்டுமே இருந்தன. ஒரு வீரன் ஒன்பது முறை சுடக்கூட அது காணாது. செய்தியைக் கேட்ட வாஷிங்டன் அரை மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று தளபதி சல்லிவன் எழுதியிருக்கிறார். வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். உலகின் சிறந்த வெடியுப்பு அன்று பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கர்களோ தொழுவ மண்ணைச் சலித்து ஊறவைத்து அதைக் காய்ச்ச முயன்றார்கள். அந்த முயற்சி போதவில்லை. போரின் முதல் ஆண்டுகளில் அவர்கள் சுட்ட மருந்தில் பெரும்பகுதி கடல் கடந்துதான் வந்தது. பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷே பெயருக்கு ஒரு வணிக நிறுவனம் தொடங்கி, பிரெஞ்சு, ஸ்பானிய அரசுகளின் பணத்தில் துப்பாக்கியும் மருந்தும் இரகசியமாக அனுப்பினார். 1775-76 குளிர்காலத்தில், புத்தகக் கடை நடத்தியவரான ஹென்றி நாக்ஸ், டைகொண்டெரோகா கோட்டையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளைப் பனிச்சறுக்கு வண்டிகளில் பாஸ்டனுக்கு இழுத்து வந்தார். அவை குன்றின் மேல் ஏறியதைப் பார்த்த பிரிட்டிஷார் 1776 மார்ச் 17-இல் ஊரைக் காலிசெய்தார்கள். அவற்றை நீண்ட நேரம் சுடுமளவு மருந்து மேலே இருந்ததா என்பது வேறு கதை.

விடுதலைப் பிரகடனம் ஜூலை 4-இல் ஏற்கப்பட்டது. ஏறக்குறைய எட்டு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் வாஷிங்டனின் படை படுதோல்வி அடைந்தது. முன்னால் பிரிட்டிஷ் ஜெனரல் ஹவின் பெரும்படை, பின்னால் ஈஸ்ட் ஆறு. காற்று திசை மாறினால் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைந்து வழியை அடைத்துவிடும். 29-ஆம் தேதி இரவு, கிடைத்த படகுகளையெல்லாம் சேர்த்து, சுமார் 9,000 பேரை மான்ஹாட்டன் கரைக்குக் கடத்தினார்கள். துடுப்புகளில் சத்தம் கேட்காதிருக்கத் துணி சுற்றியிருந்தது. முகாமில் ஆள் இருப்பதாகக் காட்ட நெருப்புகள் எரிந்துகொண்டே இருந்தன. விடிந்தபோது இன்னும் சிலர் கரையில் மிச்சமிருக்க, அடர்ந்த மூடுபனி இறங்கி அவர்களையும் மறைத்துக் காப்பாற்றியது. படகோட்டியவர்களில் முக்கியமானவர்கள் மார்பிள்ஹெட் என்ற கடற்கரை ஊரின் மீனவர்கள். ஜான் குளோவரின் படைப்பிரிவு. நியூ இங்கிலாந்து மக்கள் வட அட்லாண்டிக்கில் மீன்பிடிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1775-இல் போட்ட சட்டத்தால் தொழிலை இழந்தவர்கள் அவர்கள். கடலூர்த் துறைமுகத்தின் பக்கம் வளர்ந்தவனுக்கு, இந்தப் போரின் மிகச் சிறந்த காட்சியாக அந்த இரவுதான் தோன்றுகிறது.

அதே மீனவர்கள்தான் டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்த டெலாவேர் ஆற்றில் 2,400 பேரை அக்கரை சேர்த்தார்கள். மறுநாள் காலை டிரென்டனில் பிரிட்டனின் கூலிப்படையான ஹெஸ்ஸியர்களில் சுமார் 900 பேர் பிடிபட்டார்கள். படைவீரர் பலரின் ஒப்பந்தம் அம்மாதக் கடைசியில் முடியவிருந்தது. அந்த வெற்றி இல்லாவிட்டால் ஜனவரியில் படையே மிஞ்சியிருக்காது.

துப்பாக்கிக் குண்டைவிட நோய்க்கு இறந்தவர்கள் அதிகம். அதனால் 1777-இல் வாஷிங்டன் எடுத்த ஒரு முடிவை எந்தச் சண்டைக்கும் குறைவில்லாததாகக் கருதுகிறேன்: படை முழுவதற்கும் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்த உத்தரவிட்டார். ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழைத் தோலில் கீறிவிடும் ஆபத்தான பழைய முறைதான் அது. இளமையில் பார்படோஸ் தீவில் அம்மை வந்து பிழைத்தவர் என்பதால் அதன் கொடுமை அவருக்குத் தெரியும்.

1777 அக்டோபரில் சாரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்காயினின் படை சரணடைந்ததும், அதுவரை மறைவில் உதவிய பிரான்ஸ், 1778 பிப்ரவரியில் வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் பிரிட்டன் தன் கப்பல்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் பிரித்தனுப்ப வேண்டியதாயிற்று.

தெற்கில் நடந்ததை விடுதலைப் போர் என்பதைவிட உள்நாட்டுப் போர் என்பதே பொருந்தும். 1780 அக்டோபரில் கிங்ஸ் மவுண்டனில் மோதிய இரு தரப்பிலும், பிரிட்டிஷ் அதிகாரி பெர்குசனைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்கர்களே. கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775-லேயே அறிவித்திருந்ததால், சுதந்திரம் தேடிப் பிரிட்டிஷ் முகாமுக்கு ஓடிய கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கெரில்லாப் போரும் இங்கேதான் உண்மையிலேயே பயன்பட்டது. சதுப்புநிலங்களில் மறைந்திருந்த பிரான்சிஸ் மரியனின் ஆட்கள் பிரிட்டிஷாரின் உணவு வண்டிகளை வழிமறிக்க, முறையான படையுடன் அமெரிக்கத் தளபதி நதனியேல் கிரீன் மோதுவதும் பின்வாங்குவதுமாகப் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸை அலைக்கழித்தார். "போரிடுகிறோம், அடிபடுகிறோம், எழுந்து மறுபடியும் போரிடுகிறோம்" என்று அவர் எழுதியது வெறும் வீராப்பு இல்லை. 1781 மார்ச்சில் கில்பர்டு கோர்ட்ஹவுஸ் என்ற ஊரில் நடந்த சண்டையில் களம் கார்ன்வாலிஸுக்குக் கிடைத்தது. அதற்கு விலையாகத் தம் படையில் கால்வாசிக்கு மேல் இழந்தார்.

களைத்த அந்தப் படைதான் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் கடலை நம்பி முகாமிட்டது. செப்டம்பர் 5-இல் டி கிராஸ் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் திருப்பி அனுப்பியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. நியூயார்க் பக்கமிருந்து தெற்கே நடந்த வாஷிங்டனின் வீரர்கள் வழியில் சம்பளம் கேட்டு முறுக்கிக்கொள்ள, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ கடனாகக் கொடுத்த நாணயங்களால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அக்டோபர் 19 அன்று 7,000-க்கும் மேற்பட்டோருடன் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. முற்றுகையிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர்கள். இதே கார்ன்வாலிஸ்தான் 1786-இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்தவர்.

இனி கடலூர். 1782-இல் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர். டெலாவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலை அது பிடித்தது. பொது எதிரியை மைசூர் எதிர்ப்பது அவர்களுக்கு அவ்வளவு உவப்பாக இருந்திருக்கிறது. அமெரிக்காவுக்காக பிரான்ஸ் தொடங்கிய போர் சோழமண்டலக் கரைக்கும் வந்து, 1783 ஜூனில் கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையையும் அதனுடன் நின்ற மைசூர் வீரர்களையும் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டது. ஜூன் 13-இல் ஊருக்கு வெளியே கடும் சண்டை. 20-இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். பள்ளியில் மைசூர்ப் போர் ஒரு பாடமாகவும் அமெரிக்க விடுதலைப் போர் வேறொரு பாடமாகவும் இருந்ததால், இரண்டும் எங்கள் ஊரில் சந்தித்தன என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. பிரான்ஸும் பிரிட்டனும் அந்த ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டிருந்தன. ஜூன் கடைசியில் அச்செய்தியுடன் வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் ஒன்று கடலூருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சண்டை நின்றது.