மின்சாரக் காருக்கு வீட்டில் எந்தக் கட்டணம்: பொதுவா, நேரவாரியா?

கோலாலம்பூர் செந்தூலில் தரைவீடு, இரவில் கார் சார்ஜ். மலேசிய மின்சார நிறுவனமான தெனாகாவின் நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாமா? பெரும்பாலும் மாறலாம்.

2025 ஜூலை முதல், மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருந்தால் பொதுக் கட்டணத்தில் எரிசக்திப் பகுதி யூனிட்டுக்கு 27.03 சென். நேரவாரியில், வார நாள் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை (உச்ச நேரம்) 28.52, மற்ற நேரம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் 24.43. உச்ச நேரப் பயன்பாடு மொத்தத்தில் சுமார் 63 விழுக்காட்டுக்குள் இருந்தால் லாபம்தான். ஆனால் கொள்ளை லாபமில்லை: 40 யூனிட் சார்ஜுக்கு ஒரு வெள்ளி நாலு சென்தான் மிச்சம். உண்மையான அடி 1,500ஐத் தாண்டும்போது. யூனிட்டுக்கு 10 சென் ஏறிவிடும்.

நேரவாரிக்கு ஸ்மார்ட் மீட்டர் அவசியம். டைமரைக் காரிலோ சார்ஜரிலோ ஒன்றில் மட்டும் இரவு 10.05க்கு வையுங்கள். இரண்டிலும் வைத்து நேரம் ஒத்துப்போகாவிட்டால், காலையில் பேட்டரி ஏறாமல் அப்படியே கிடக்கும்.